பிஸ்கட் டின்னில் இருக்கும் பினாங்கு: தோட்டத்துக் குடும்பங்களின் பழைய உல்லாசப் பயணப் படங்களை அடையாளம் கண்டு காக்கும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிமாறி வந்த குடும்பங்களில், அலமாரியின் மேல்தட்டிலோ சாமி மாடத்துக்குப் பின்னாலோ ஒரு பழைய பிஸ்கட் டின் இல்லாத வீடு குறைவு. அதைத் திறந்தால், கல்யாணப் படங்களுக்கும் அடையாளக் கார்டுக்கு எடுத்த சிறுபடங்களுக்கும் நடுவில் பினாங்குத் தீவில் எடுத்த படங்கள் ஓரிரண்டு கட்டாயம் கிடைக்கும். கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலையின் ரயில் கதவருகே வரிசையாக நிற்கும் பெண்கள் இருப்பார்கள். ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் கேமராவையே பார்க்கும் சிறுவர்கள் இருப்பார்கள். பத்து பிரிங்கிக் கடற்கரை மணலில் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி அலையில் கால் நனைக்கும் தாத்தா ஒருவர் இருப்பார். பெரும்பாலான படங்களின் பின்புறம் வெறுமையாக இருக்கும்; பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்காது.

பினாங்கின் உல்லாசப் பயண வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் விடுதிகளின் வரலாறு. 1885இல் சார்க்கிஸ் சகோதரர்கள் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், 1948இல் பத்து பிரிங்கியில் திறக்கப்பட்ட லோன் பைன், 1973இல் அதே கரையில் எழுந்த ராசா சாயாங் ஆகியவற்றுக்கு ஆண்டும் உண்டு, படமும் உண்டு, எழுதி வைத்த ஆளும் உண்டு. ஆனால் தோட்டத்து லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து, விடியுமுன் கிளம்பி, புளிச்சோற்றையும் பருப்புத் துவையலையும் கட்டி எடுத்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போய், இரவோடு இரவாகத் திரும்பி, மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்றவர்களும் அந்தத் தீவின் பயணிகள்தாம். ஓர் இரவுகூட விடுதியில் தங்காததால் எந்த விடுதியின் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் அங்கே போனதற்கும் சிரித்ததற்கும் இருக்கும் சான்று இந்த டின் ஒன்றே என்பதால், இதைச் சரியாகக் கையாளும் முறையை என் அனுபவத்தில் கண்டபடி எழுதுகிறேன்.

பெயர் முதலில், ஆண்டு பிறகு

படத்தைக் கையில் எடுத்ததும் இது எந்த ஆண்டு என்று ஆராயத் தோன்றும். அதைத் தள்ளி வையுங்கள். தாளும் மலையும் கட்டடமும் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும்; படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய எண்பது வயதுப் பெரியம்மா காத்திருக்கமாட்டார். ஆகவே முதல் வேலை, உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதுவது.

கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். டின்னை அப்படியே கவிழ்த்தால் பெரியவர்கள் திகைத்துப்போவார்கள், அல்லது இறந்தவர்களை நினைத்துக் கலங்கிவிடுவார்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு படம் போதும். மதியத் தூக்கம் முடிந்து தேத்தண்ணி குடித்த பிறகான நேரம் நல்லது. எந்த வருஷம் என்று கேட்டால் அநேகமாகத் தவறான பதில்தான் வரும். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் காலத்தை எண்ணால் அல்ல, ஆளால் நினைவு வைத்திருக்கிறார்கள். எந்தக் கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) இருந்தபோது, எந்தத் துரை (தோட்ட மேலாளர்) மாற்றலாகிப் போன பிறகு, யார் கல்யாணத்துக்கு முன்னால் என்று கேட்டால் கதவு திறக்கும். யாருடைய புடவை இது, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது தாயா சித்தியா, அன்றைக்குச் சோறு கட்டியது யார், லாரியை ஓட்டியது யார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பேச்சு தானாகவே விரியும். அவர்கள் சம்மதித்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நாம் குறிப்பெடுக்கும்போது தவறவிடுகிற ஒரு பெயர் பின்னால் அந்தக் குரலில் கிடைக்கும்.

இரண்டு பெரியவர்கள் இருந்தால் இருவரையும் தனித்தனியே கேட்பது அவசியம். ஒன்றாக உட்கார வைத்தால் குரல் உயர்ந்தவர் சொல்வதே முடிவாகிவிடும். பெயரை அடையாளக் கார்டில் உள்ளபடி மட்டும் எழுதாமல், தோட்டத்தில் அழைத்தபடியும் எழுதுங்கள். “மூனாம் டிவிஷன் பெரியம்மா” என்ற அழைப்பு பின்னாளில் வேறொரு குடும்பத்தின் படத்தோடு நம் படத்தை இணைத்துவிடும். கார்டுப் பெயருக்கு அந்த வலு இல்லை. யார் எவர் என்று குறிக்க, மூலப் படத்தின் மேல் தாள் வைத்து வரையாதீர்கள், அழுத்தம் பதிந்துவிடும். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, அந்த நகலில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, கீழே பெயர் எழுதுவதே பாதுகாப்பானது.

தாள் சொல்லும் காலம்

பெயர் எழுதி முடித்த பிறகு ஆண்டுக்கு வரலாம். முதலில் படத்தை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள். ஓரம் பல்பல்லாக வெட்டிய கருப்பு வெள்ளைப் படங்கள் 1950களிலும் 1960களிலும் பரவலாக இருந்தவை. நான்கு பக்கமும் சமமான சதுர வண்ணப் படம், 1963இல் வெளிவந்த கோடாக் இன்ஸ்டாமேடிக் வகைக் கேமராவின் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழ் ஓரத்தில் மட்டும் அகலமான வெள்ளைப் பட்டையுள்ள போலராய்டு 1972க்கு முந்தியதாக இருக்க முடியாது. 1970களின் வண்ணப் படங்கள் பல இன்று செம்மண் பூசியதுபோல் சிவந்திருப்பதற்குக் காரணம், அந்தச் சாயங்களில் நீலப் பச்சை மற்றவற்றைவிட விரைவாக மங்கியதே. கடலும் வானமும் சிவந்துபோயிருந்தால் மாலை நேரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அது படச்சுருளைக் கழுவிய மாதம். ஒரு சுருளைத் தைப்பூசத்தில் பாதியும் தீபாவளியில் மீதியுமாக எடுத்து முடித்த வீடுகள் நம்முடையவை. அதேபோல் 1980களுக்குப் பிறகு படத்துக்குள்ளேயே ஆரஞ்சு நிறத்தில் விழும் தேதி, கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருந்தால் மட்டுமே சரியானது.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். தென்னை மரம், அலை, தூரத்துக் கப்பல் எல்லாம் இருந்தும் தரை மட்டும் சிமெண்டாகவோ கம்பளமாகவோ இருந்தால், அது ஸ்டூடியோவில் தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் எடுத்த படம். அதைப் பினாங்குப் படங்களிலிருந்து பிரித்து வையுங்கள், ஆனால் ஒதுக்கிவிடாதீர்கள். கடலுக்குப் போக முடியாத ஆண்டில் சுங்கை பட்டாணி ஸ்டூடியோவில் கடலை வாடகைக்கு எடுத்து நின்றவர்களின் ஆசையும் அந்தத் தீவின் கதையில் சேர்ந்ததே.

பின்னணியைப் படிப்பது

ஆண்டைச் சொல்வதில் தாளைவிட வல்லது பின்னணி. நம்மவர்கள் நடுவில் நின்று மறைத்தது போக ஓரங்களில் தெரியும் கட்டடம், கம்பி, கொடி, படகு ஆகியவற்றை ஒரு பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பாருங்கள். எப்போதும் இருப்பது எதுவும் ஆண்டைச் சொல்லாது. புதிதாக வந்ததும் இல்லாமல் போனதுமே சொல்லும். ஃபெரித் துறைக்கு அருகில் நிற்கும் விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு 1902இல் கட்டி முடிந்தது. அது தெரிந்தால் ஊர் எது என்று உறுதியாகும், ஆண்டுக்கு அது உதவாது. துறையின் எதிரே 1909 முதல் மணிக்கோபுரத்தோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடமும் அப்படித்தான். மலை ரயிலைத் தவிர வேறு ரயில் ஓடாத தீவில் பயணச்சீட்டு விற்ற ரயில் நிலையம் அது. சீட்டை வாங்கிக்கொண்டு படகேறி, மறுகரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போய் ரயில் ஏறியிருக்கிறார்கள். பெரியவர் “பிறையில் இறங்கிப் படகு ஏறினோம்” என்று சொன்னால் அது 1967க்கு முந்திய பயணம் என்று கொள்ளலாம், ஏனெனில் அந்த ஆண்டுக்குப் பிறகு ரயில் பட்டர்வொர்த் வரை வந்துவிட்டது.

ஃபெரியிலிருந்து தீவை நோக்கி எடுத்த படங்கள் மிகவும் பயன்படுபவை. நகரத்தின் கூரைகளுக்கு மேல் ஒற்றையாக உயர்ந்து நிற்கும் உருண்டைக் கோபுரம் கொம்தார். அதன் வேலை 1974இல் தொடங்கி, 65 மாடிகளாக 1986இல் முடிந்தது. கோபுரமே இல்லாமல் நகரம் தாழ்ந்து கிடந்தால் படம் 1980களுக்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். பாதி எழுந்த கோபுரம் தெரிந்தால் அது அரிய படம், ஆண்டை ஓரிரு வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். தெற்குப் பக்கம் பார்த்த படத்தில் தூரத்தில் மெல்லிய கோடாகப் பாலம் தெரிகிறதா என்று பாருங்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. இரண்டாவது பாலம் 2014இல் வந்தது. படகின் உயிர்காப்பு வளையத்தில் படகின் பெயர் எழுதியிருக்கும். புலாவ் அங்சா, புலாவ் பாங்கோர் என்று தீவுகளின் பெயராக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய ஃபெரிகளில் காரும் லாரியும் மனிதரும் ஒன்றாக ஏறுவது 2020 டிசம்பர் முடிவோடு நின்றது. பட்டர்வொர்த் துறையின் நடைமேடை தெரியும் படம் இருந்தால் அதைப் பொறுமையாகக் காட்டுங்கள். 1988 ஜூலை 31இல் அது இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். அந்த நினைவு சில வீடுகளில் இன்னும் ஆறவில்லை.

கொடிமலைப் படங்களுக்கு வருவோம், ஏனென்றால் டின்களில் அதிகம் இருப்பவை அவைதான். மலை ரயில் 1923 அக்டோபரில் மக்களை ஏற்றத் தொடங்கி, 1924 ஜனவரி 1இல் முறைப்படி திறக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்து ஓடிய மரப்பெட்டிகள் 1977 வரை இருந்தன. அந்த ஆண்டு புதிய பெட்டிகள் வந்தன. 2010இல் பாதையை மூடி முழுவதும் மாற்றி, 2011இல் இன்றைய பெட்டிகளை ஓடவிட்டார்கள். ஆகவே ரயிலின் பக்கவாட்டுப் பலகையும் சன்னலும் தெரிந்தாலே படம் மூன்று காலங்களில் எதற்குரியது என்று சொல்லிவிடலாம். 2010 வரை பாதை இரண்டு பகுதிகளாக இருந்ததால் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும். பெரியவர்கள் “நடுவுல இறங்கி நின்னப்போ எடுத்தது” என்று சொல்வது அந்த இடத்தைத்தான். மேலே எடுத்த படத்தில் கோபுரம் தெரிந்தால், மலையுச்சியில் உள்ள அருளொளித் திருமுருகன் கோயிலா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தைப்பூசப் பயணமாக இருந்தால் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையின் படமும் இருக்கும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894 முதல் வலம் வருகிறது என்பதால் அதனால் காலம் குறுகாது, ஆனால் தங்க ரதம் தெரிந்தால் படம் 2017 அல்லது அதற்குப் பிந்தியது. 513 படிகளுக்கு மேல் நிற்கும் இன்றைய பெரிய கோயில் 2012இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முந்திய படங்களில் சிறிய பழைய கோயிலே தெரியும். ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி படங்களில் ஏழடுக்குக் கோபுரம் 1930லிருந்து இருப்பது. வெண்கலத்தாலான பெரிய குவான் யின் சிலை 2002க்குப் பிறகே தெரியும்.

நகரத் தெருப் படங்களில் மேலே பாருங்கள். தெருவின் மேல் இணையாகக் கம்பிகள் ஓடி, பஸ்ஸின் தலையிலிருந்து இரண்டு கோல்கள் அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது மின்கம்பிப் பஸ். 1961இல் அது நிறுத்தப்பட்டது. கொடி தெரிந்தால் கோடுகளை எண்ணுங்கள்: மலாயாக் கொடிக்கு 11, 1963 செப்டம்பருக்குப் பிறகு மலேசியக் கொடிக்கு 14. வண்டி எண்ணில் முதல் எழுத்து கெடாவின் கே எழுத்தா பினாங்கின் பி எழுத்தா என்று பார்த்தால், தோட்டத்து லாரியா வாடகை வண்டியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பஸ்ஸின் நிறம் கருப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது, பெரியவர்களின் நினைவில் இருக்கும். பத்து பிரிங்கிப் பக்கம் நீல பஸ், ஆயர் ஈத்தாமுக்குப் பச்சை, பாயான் லெப்பாஸ் பக்கம் மஞ்சள் என்று அவர்கள் சொன்னால், அன்று முதலில் எங்கே போனார்கள் என்பதும் தெரியவரும், ஏனென்றால் மஞ்சள் பஸ் என்பது பெரும்பாலும் பாம்புக் கோயிலுக்கான பயணம்.

கடற்கரைப் படங்கள் கடினம். மணலும் பாறையும் அலையும் மாறாதவை. பின்னால் அடுக்குமாடி விடுதி தெரிந்தால் 1970களின் பத்து பிரிங்கி அல்லது அதற்குப் பிறகு என்பதைத் தவிர அதிகம் சொல்ல முடியாது.

ஒரு படம், இரண்டு பயணங்கள்

எங்கள் வீட்டில் உள்ளங்கை அளவு கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. வலது மேல்மூலையை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. கொடிமலை ரயிலின் முன்னால் ஏழு பேர். நடுவில் என் அத்தை, தோளில் துண்டு சுற்றிய கைக்குழந்தை. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. ஓரத்தில் மாமா, தோல்வாரில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. முன்னால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பையன்.

அத்தையிடம் காட்டியபோது ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னார்: “இது கலவரத்துக்கு முந்தின வருஷம்பா. அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல.” அவர் சொல்வது 1969 மே மாதக் கலவரம்; அதாவது படம் 1968. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவர் கழுத்தில் தாலிக்கயிறு தெரிகிறது. திருமணப் பத்திரத்தில் இருப்பது 1970. குழந்தை யார் என்று கேட்டபோது “வேற யாரு, பெரியவன்தான்” என்றார். அவனது பிறப்புப் பத்திரத்தில் உள்ள தேதி 1971 செப்டம்பர். கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் குழந்தைக்கு நான்கைந்து மாதம் இருக்கலாம். பையனின் மொட்டையும் சந்தனமும் வேண்டுதல் முடித்த அடையாளம். பின்னால் தெரிவது மரப்பெட்டி, ஆகவே 1977க்கு முந்தியது என்பதும் பொருந்துகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் 1972 தைப்பூசம் என்று வருகிறது.

அத்தை பொய் சொல்லவில்லை என்பது பிறகு புரிந்தது. கூருனில் உள்ள உறவினர் வீட்டு டின்னில் வேறொரு படம் கிடைத்தது. அதில் அத்தை தாவணியில், இரட்டைச் சடையில், ஃபெரியின் கம்பியோரம் நிற்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் போன பயணமும் உண்மை, குழந்தையோடு போன பயணமும் உண்மை. நாற்பது ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளாகக் கலந்துவிட்டிருக்கின்றன. எனவே பெரியவர் சொல்வது படத்தோடு பொருந்தாவிட்டால் அதை அடித்துவிடாமல் அப்படியே எழுதி வையுங்கள், அது இன்னும் கிடைக்காத வேறொரு படத்தின் விவரமாக இருக்கலாம். ஆண்டை எழுதும்போது அது எப்படித் தெரிந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். “1972 தைப்பூசம், குழந்தையின் பிறப்புப் பத்திரம், தாலி, மொட்டை, மரப்பெட்டி ஆகியவற்றைக் கொண்டு” என்று எழுதினால், நாளை இன்னொருவர் நம் கணக்கைச் சரிபார்க்க முடியும்.

கெடாமல் வைப்பது

படத்தைத் தொடும்போது கை உலர்ந்திருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம். ஈரத்துணி கூடவே கூடாது. ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பங்கள் 1970களிலும் 1980களிலும் வீடுதோறும் வாங்கப்பட்டன. அந்தப் பசை காலப்போக்கில் படத்தைத் தின்கிறது. அவற்றிலிருந்து எடுக்கும்போது இழுக்காமல், பல்லிடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் மெல்ல நகர்த்திப் பிரியுங்கள். பிரியவில்லை என்றால் பக்கத்தோடு அப்படியே விட்டு நகலெடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும், அதையும் கண்ணாடியோடு நகலெடுப்பதே வழி.

இதைச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. பாட்டி கொடிமலையில் நிற்கும் படம் ஒன்றைப் புதுப்பித்துச் சட்டம் போடுவதற்காக ஒரு படக்கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பின்னணி முழுவதும் ஒரே நீல வானமாக மாறியிருந்தது. ரயில் பெட்டியும் பின்னால் நின்ற இருவரும் அழிக்கப்பட்டிருந்தார்கள். மூலப் படத்தையே சட்டத்தின் அளவுக்கு வெட்டியிருந்தார்கள். வெட்டிய துண்டு குப்பையில் போய்விட்டது. அந்த இருவர் யார் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே மூலப் படத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். யாருக்கும் நகலையே கொடுங்கள்.

நகலெடுக்க ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), உள்ளங்கையைவிடச் சிறிய படத்துக்கு 1200 டிபிஐ வையுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும் சான்றுகளே. பின்புறத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் இல்லாவிட்டால் சன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தாலும் தவறில்லை. முகத்தைத் தெளிவாக்கி வண்ணம் பூசித் தரும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை இல்லாத கண்ணிமையையும் இல்லாத நகையையும் தாமே வரைந்துவிடுகின்றன என்பதால், அந்தப் படத்தைத் தனிக் கோப்பில் வைத்து, தொடாத நகலை ஒருபோதும் அழிக்காதீர்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஒரு நகல் வேறோர் ஊரில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் இருக்கட்டும்.

மூலப் படங்களுக்கு நம் ஊர் ஈரப்பதமே முதல் எதிரி. பூசணமும் இராமபாணமும் ஈரத்தைத் தேடித்தான் வரும். ஒவ்வொரு படத்தையும் அமிலமில்லாத தாளுறையில் இட்டு, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா பையோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். சிலிக்காவை மாதம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். நெகட்டிவ்களில் புளித்த காடி வாசம் வந்தால் அவற்றை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், அந்தக் கேடு பரவும். பின்புறத்தில் எழுதுவதற்கு மென்மையான பென்சில் போதும்; பிளாஸ்டிக் பூச்சுள்ள பின்னாளைய தாளில் பென்சில் ஏறாது, பேனா மை மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும், எனவே விவரத்தை உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

அதே இடத்தில் மறுபடியும்

பெரியவருக்கு உடல்நிலை இடம் கொடுத்தால், படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவரையே தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சுங்கை பட்டாணியில் கொம்யூட்டர் ரயில் ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால் ஃபெரித் துறை பக்கத்திலேயே இருக்கிறது. 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகள் நடப்பவர்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. லாரியோடு ஏறியவருக்கு இது வியப்பாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடிமலைக்கு வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், விடுமுறை நாள் வரிசையில் பெரியவர்களால் நிற்க முடியாது. நடுவில் இறங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் எழுந்துவிடுவார்.

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தில் முன்னால் இருக்கும் ஒரு பொருளும் பின்னால் இருக்கும் ஒரு பொருளும் எங்கே ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். ஒரு தூணின் விளிம்பு தூரத்துக் கூரையின் முனையைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். இன்றும் இருக்கும் அந்த இரண்டையும் பார்த்தபடி, அவை அதேபோல் தொடும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். பிறகு அளவு பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டும் பொருந்துகிற இடத்தில்தான் அன்று படம் எடுத்தவரின் கால் இருந்தது.

நாங்கள் அத்தையை அப்படி நிறுத்தியபோது, அவர் நகலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டடி இடது பக்கம் நகர்ந்து, “மாமா இங்க நின்னாரு, எடம் விடணும்” என்றார். அந்த இடத்தை விட்டே படம் எடுத்தோம். அன்றிரவே அதை அச்சடித்து, உறையின் மேல் தேதியையும், நின்றவர்களின் பெயரையும், விட்ட இடம் யாருடையது என்பதையும் எழுதினோம்.